பாய்லர் அட்டெண்டன்ட் அம்சம்

அய்யம்பேட்டையிலிருந்து குடமுருட்டி ஆற்றைத் தாண்டிப் போனால் அப்துல் ஹமீதின் அரிசி ஆலை வரும். துபாயில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து அவர் கட்டியது. அம்சம் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் கொட்டிப் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் கிளறிவிடுகிற வேலை. மேகம் கறுத்தால் ஓடிப் போய் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும்.

அவள் அம்மா வரைக்கும் அந்தக் குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பத்தாம் வகுப்பு தேறிய முதல் ஆள் அம்சம்தான். அதற்கு மேல் படிக்கவைக்க யாருக்கும் தோன்றவில்லை, அவளும் கேட்கவில்லை. மதிப்பெண் சான்றிதழ் மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அவளோடு புகுந்த வீட்டுக்கு வந்து, பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

அவளுக்கு முப்பத்தைந்து வயதானபோது ஹமீது நெல் காயவைக்கும் டிரையரை இறக்கினார். களத்தில் இருந்த பன்னிரண்டு பெண்களில் ஒன்பது பேர் நூறு நாள் வேலைக்கும் வயல் வேலைக்கும் போய்விட்டார்கள். மிச்சமிருந்த மூவரில் அம்சத்தை பாய்லர் பக்கம் அனுப்பினார்கள்.

நெல்லை அவிக்கவும், அவித்ததைக் காயவைக்கவும் நீராவி வேண்டும். அதைக் கொடுப்பது பாய்லர். தண்ணீர் லாரியின் தொட்டி அளவுக்கு ஒரு இரும்பு உருளை. அடியில் உமி எரியும், உள்ளே தண்ணீர் கொதிக்கும். அது எரிகிற நேரமெல்லாம் அரசாங்கச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த ஆலையில் அந்த ஒருவர் பஞ்சநதம். ஐம்பது வயதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர், நல்ல மனிதர். அம்சத்தின் வேலை உமியை அள்ளி அடுப்பு வாயில் போடுவதும், சாம்பலை இழுத்து வெளியே கொட்டுவதும்தான்.

“அம்சம், கண்ணாடியக் கொஞ்சம் பாத்துக்கம்மா. அஞ்சு நிமிஷத்துல வந்துர்றேன்” என்பார் பஞ்சநதம். டீக்கடை ரோட்டோரம்தான். ஆனால் அந்த அஞ்சு நிமிஷம் அரை மணியாகும், சில நாள் முக்கால் மணியும் ஆகும்.

கண்ணாடி என்றால் பாய்லரின் முகப்பில் செங்குத்தாக நிற்கும் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அதில் தெரியும். அது பாதிக்குக் கீழே இறங்கினால் பம்பைப் போட வேண்டும். முதல் மாதத்தில் அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ஆனால் உமி மூட்டைகளுக்கு எதிர்ச் சுவரில் ஒரு தகரப் பலகை மாட்டியிருந்தது. பாய்லர் இயக்குவோர் கவனத்துக்கு என்று தலைப்பிட்டு, தமிழில் பத்துப் பன்னிரண்டு விதிகள். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்து பாதி எழுத்து மறைந்திருந்தது. அந்தக் கொட்டகையில் படிக்க வேறு எதுவும் இல்லாததால் அம்சம் அதைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். ஆறு வருஷத்தில் மனப்பாடமே ஆகிவிட்டது.

ஒரு தை மாதம், சம்பா அறுவடை உச்சத்தில் இருந்த நேரம். ஆலைக்கு வெளியே நெல் லாரிகள் வரிசையாக நின்றன. மூன்று நாளாக பாய்லர் ஓயவில்லை. உச்சிப்பொழுதில் பஞ்சநதம் வழக்கம்போல டீ குடிக்கப் போயிருந்தார்.

அம்சம் உமியை அள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது. சரியாகத்தான் இருந்தது. ஆனால் என்னவோ உறுத்தியது. இன்னொரு தடவை பார்த்தாள். கொதிக்கிற பாய்லரின் கண்ணாடியில் தண்ணீர் ஒரு விரற்கடையாவது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு அது படத்தில் வரைந்ததுபோல அசையாமல் நின்றது. கடைசியாக பம்ப் எப்போது ஓடியது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன திருகுக் குழாய் உண்டு. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அதைத் திறந்தாள். கண்ணாடியில் இருந்த தண்ணீர் சர்ரென்று வெளியேறியது. மூடினாள். தண்ணீர் திரும்ப ஏறவில்லை. கண்ணாடிக்குத் தண்ணீர் வரும் துவாரம் அடைத்துக்கொண்டு, எப்போதோ தேங்கிய தண்ணீரைத்தான் கண்ணாடி இவ்வளவு நேரமும் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது இனி யாருக்கும் தெரியாது.

அவித்தல் தொட்டிப் பக்கம் நான்கு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். “எல்லாரும் வெளிய ஓடுங்க! ரோட்டுக்கு ஓடுங்க!” என்று கத்தினாள். தீக்குக் காற்று ஊதும் காற்றாடியை நிறுத்தினாள். நீளக் கம்பியை எடுத்து, அடுப்பு வாயிலிருந்து எரிகிற உமியை வாரி வாரி வெளியே இழுத்தாள். தணல் காலுக்கடியில் குவிந்தது. புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு இழுத்தாள்.

சத்தம் கேட்டு பஞ்சநதம் நொண்டிக்கொண்டே ஓடி வந்தார். காலியான கண்ணாடியைப் பார்த்ததும் அவர் கை பம்ப் சுவிட்சுக்குப் போனது.

அம்சம் குறுக்கே பாய்ந்து சுவிட்சை மறைத்து நின்றாள். “வேணாண்ணே! தண்ணி விடாதீங்க!”

“தண்ணி இல்லம்மா உள்ள, தள்ளு!”

“அதான் விடக்கூடாதுங்கறேன். ஏழாவது விதி. பலகையில போட்ருக்கு. காஞ்ச இரும்புல பச்சத்தண்ணி பட்டா வெடிச்சிரும்.”

பஞ்சநதம் கையை இறக்கினார். அவருக்கு இது தெரியாததல்ல. இருபது வருஷம் முன்னால் இதை எழுதித்தான் தேறியவர். பயத்தில் மறந்துபோயிருந்தார். இருவரும் சேர்ந்து மிச்சத் தணலை இழுத்துக் கொட்டிவிட்டு வெளியே வந்து புங்க மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அம்சத்துக்கு அப்போதுதான் பாதத்தில் தோல் உரிந்திருந்தது தெரிந்தது.

பாய்லர் வெடிக்கவில்லை. உள்ளே இரண்டு குழாய்கள் மட்டும் வளைந்துவிட்டன. அதைச் சரிசெய்ய பாய்லர் துறையின் அனுமதி வேண்டும். நான்காம் நாள் ஆய்வாளர் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் ஹமீது அம்சத்தைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: “அம்சம், நீ செஞ்சதுக்கு அல்லாஹ்தான் ஒனக்குக் கூலி கொடுக்கணும். ஆனா ஆபீசர் முன்னாடி நீ வர வேணாம்மா. லைசென்ஸ் இல்லாத ஆளு கையில பாய்லர விட்டிருந்தோம்னு ஆயிரும்.”

அம்சம் தலையாட்டிவிட்டு உமிக் கொட்டகைக்குப் போய்விட்டாள். பாய்லரிலிருந்து அதைப் பிரிக்கும் கீற்றுத் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் கேட்கும்.

“தீய யாரு இழுத்தது?” என்று கேட்டார் ஆய்வாளர்.

பஞ்சநதத்தின் குரல்: “நான்தான் சார்.”

“சரியான வேல செஞ்சீங்க. நாலு உசிரக் காப்பாத்தியிருக்கீங்க. எழுதிக்கிறேன்.”

அன்று மாலை ஹமீது வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு பட்டுப் புடவையும் ஒரு பெட்டி இனிப்பும் வந்தன. நல்ல புடவைதான், மயில் கழுத்து நிறம். அம்சம் அதை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது: எழுதிக்கிறேன் என்றாரே, அந்தத் தாளில் தன் பெயர் இல்லை.

ஆலை அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பில் போடும் பெண் ஆயிஷா. அம்சத்தைவிடப் பதினைந்து வயது சின்னவள். மறுவாரம் அம்சம் அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஆயிஷா, இந்த பாய்லர் லைசென்ஸ் பொம்பளைங்க எழுதலாமா? கொஞ்சம் பாத்துச் சொல்லேன்.”

ஆயிஷா தேடிப் பார்த்தாள். “எழுதக் கூடாதுன்னு எங்கயும் போடலக்கா. படிப்பு ஒங்ககிட்ட இருக்கு. பாய்லர்ல ஹெல்ப்பரா வேல பாத்திருக்கீங்கன்னு மொதலாளி ஒரு சர்வீஸ் சர்ட்டிபிகேட் தரணும். அது போதும். அப்பறம் பரீட்ச.”

ஆனால் ஆலையின் பதிவேட்டில் அம்சம் இன்னமும் களத் தொழிலாளிதான். ஆறு வருஷமாக யாரும் அதை மாற்றவில்லை. ஆயிஷா அந்தப் பக்கத்தைத் திறந்து ஹமீது முன்னால் வைத்தாள்.

ஹமீது மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “சம்பளம் பத்தலன்னா சொல்லும்மா, கூட்டித் தர்றேன். இந்த வயசுல பரீட்ச எதுக்கு?”

“சம்பளம் கூட்டித் தந்தா வேணாம்னு சொல்ல மாட்டேன் மொதலாளி” என்றாள் அம்சம். “ஆனா அன்னைக்கு நான் பண்ணத நான் பண்ணேன்னு சொல்ல முடியல. நாளைக்கும் அதே மாதிரி ஒண்ணு ஆனா, அதே மாதிரிதான் பண்ணுவேன். அப்பவும் நான் கொட்டகையில போயி நிக்கணுமா?”

ஹமீது மூக்குக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, பதிவேட்டையும் திருத்தச் சொன்னார்.

வீட்டில் காத்தான் வேறு மாதிரி கேட்டான். அவள் புருஷன் காத்தான் அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். சீசனில் மன்னார்குடி வரைக்கும் போய்த் தங்கி ஓட்டுவான். தன் கனரக வாகன லைசென்ஸை லேமினேஷன் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். சட்டை மாற்றினால் முதலில் அது மாறும்.

“அதான் வேல தெரியுதுல்ல. காயிதம் எதுக்கு?”

“நீங்க எதுக்கு வச்சிருக்கீங்க?”

“இல்லன்னா போலீஸ் புடிப்பான்.”

“போலீஸ் புடிக்காத வயக்காட்டுலதான ஓட்டுறீங்க. அங்க எதுக்குப் பைக்குள்ள?”

காத்தான் யோசித்தான். “இருந்தா ஒரு தெம்பா இருக்கு” என்றான் கடைசியில். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. வீட்டில் இருக்கும் நாட்களில் இரவுச் சோற்றை அவனே வடித்துவிட்டு அவளைப் படிக்கவிட்டான். அவர்கள் மகள் செம்மொழி கும்பகோணத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் விடுதியிலிருந்து போன் செய்து, “அம்மா, இன்னைக்கு எத்தன பக்கம்?” என்று கேட்பாள். அம்சம் உள்ளதைச் சொல்வாள். சில நாள் அரைப் பக்கம்.

தேர்வு சென்னையில் நடந்தது. அம்சம் ராத்திரி ரயிலில் போய் இறங்கினாள். நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். சர்க்கரை ஆலை, தோல் தொழிற்சாலை, சாயப்பட்டறை என்று எங்கெங்கோ வேலை பார்க்கும் ஆண்கள். பெண் அவள் ஒருத்திதான். “யாருக்குத் துணைக்கு வந்தீங்க?” என்று ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

எழுத்துத் தேர்வை ஓரளவு செய்துவிட்டாள். நேர்முகத்தில்தான் மாட்டிக்கொண்டாள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒருவர் கேட்டார்: “ஃபியூசிபிள் பிளக் எதுக்கும்மா?”

அம்சம் விழித்தாள். அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை.

“ப்ளோ டவுன் எப்பப் பண்ணுவீங்க?”

அதுவும் தெரியவில்லை. அடுத்தடுத்து நான்கு கேள்விகள். எல்லாம் ஆங்கிலப் பெயர்கள். “சரிம்மா, படிச்சிட்டு அடுத்த தடவ வாங்க” என்றார்கள்.

திரும்பி வந்து பஞ்சநதத்திடம் கேட்டபோதுதான் தெரிந்தது. ஃபியூசிபிள் பிளக் என்பது தண்ணீர் குறைந்து சூடு ஏறினால் தானாக உருகி நீராவியை விட்டுத் தீயை அணைக்கிற ஈய அடைப்பு. அன்றைக்கு அது உருகுவதற்குள் தீயை இழுத்தாகிவிட்டது. வருஷா வருஷம் அதை மாற்றும்போது அவள்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் அதற்கு வைத்திருந்த பெயர் ஈயக் காது. ப்ளோ டவுன் என்பது அடியில் தங்கிய வண்டலை வெளியேற்றுவது. தினமும் காலையில் அவள் செய்வதுதான். அம்சத்துக்கு அழுகை வரப் பார்த்தது, சிரிப்பும் வந்தது. சிரித்துவிட்டாள்.

“சிரிக்கிற?” என்றார் பஞ்சநதம். “நானே மூணாவது தடவதான் தேறினேன். வீட்டுல யாருக்கும் தெரியாது.”

மறுநாள் அம்சம் ஆயிஷாவிடம் தடித்த அட்டைகளில் பெயர்களை எழுதி வாங்கினாள். ஆங்கிலப் பெயர் தமிழ் எழுத்தில், அதற்குக் கீழே அது செய்யும் வேலை. ஒவ்வொன்றையும் கம்பியால் அந்தந்தக் குழாயில், வால்வில், கேஜில் கட்டித் தொங்கவிட்டாள். ஒரு வாரத்தில் பாய்லர் விலை அட்டை மாட்டிய ஜவுளிக் கடை மாதிரி ஆகிவிட்டது. பஞ்சநதம் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இது ரெண்டும் மாறிப் போயிருக்கு” என்று இரண்டு அட்டைகளைக் கழற்றி இடம் மாற்றிக் கட்டினார். உமி போடும்போது ஒன்று, சாம்பல் இழுக்கும்போது ஒன்று என்று அம்சம் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தபோதே வருஷாந்தர ஆய்வுக்கு அதே ஆய்வாளர் வந்தார். பாய்லரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஒவ்வோர் அட்டையாகப் படித்தார்.

“நல்லா இருக்கே. யாரு மாட்டுனது?”

ஹமீது பஞ்சநதத்தைப் பார்த்தார். பஞ்சநதம் தரையைப் பார்த்தார். பிறகு, “அம்சம்னு ஒரு பொண்ணு சார். இங்கதான் ஹெல்ப்பரா இருக்கு. பரீட்சைக்குப் படிக்குது” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “அன்னைக்குத் தீய இழுத்ததும் அதுதான் சார். நான் டீக்கடையில இருந்தேன். நான் வந்து பம்பப் போடப் போனேன். அதுதான் மறிச்சிச்சு.”

ஆய்வாளர் அட்டையை விட்டுவிட்டு இருவர் பக்கமும் திரும்பினார். அப்புறம் பேசியது சின்ன பேச்சல்ல. பாய்லர் எரியும்போது அட்டெண்டன்ட் இடத்தை விட்டு நகர்ந்ததற்காக பஞ்சநதத்துக்கும், அதை மறைத்ததற்காக ஹமீதுக்கும் எழுத்துமூலமாக எச்சரிக்கை கொடுத்தார். இன்னொரு சான்றிதழ்க்காரரை வைக்காமல் இரண்டு ஷிப்ட் ஓட்டக் கூடாது என்றும் எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவ்வளவும் முடிந்த பிறகு அம்சத்தைக் கூப்பிட்டார்.

“எதுக்கும்மா தண்ணி விட வேணாம்னு சொன்னீங்க?”

அம்சம் சொன்னாள். ஏழாவது விதியைச் சொன்னாள். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். ஆய்வாளர் தலையசைத்தபடி கேட்டுவிட்டு, “அந்தப் பலகைய நாங்கதான் அனுப்பிச்சோம். ஒருத்தராவது படிச்சிருக்காங்க” என்றார்.

அன்று சாயங்காலம் அம்சம் பஞ்சநதத்திடம், “ஒங்களுக்கு ஏண்ணே இந்த வம்பு? மெமோ வாங்கிட்டீங்களே” என்றாள்.

“வருஷம் பூரா நாலு உசிரக் காப்பாத்துனவன்னு என்னயச் சொல்லிட்டு இருந்தாங்கம்மா. எம் பேரன் பள்ளிக்கூடத்துல வேற சொல்லியிருக்கான். சோறு எறங்கல” என்றார் அவர். “இப்ப எறங்கும்.” அதன் பிறகு டீ குடிக்க அவர் ரோட்டுக்குப் போகவில்லை. பிளாஸ்கில் கொண்டுவந்தார், இரண்டு தம்ளரோடு.

இரண்டாவது தடவை நேர்முகத்தில் கேட்ட முதல் நான்கு கேள்விகளுக்கும் அம்சம் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாள். கண்ணை மூடினால் அட்டைகள் தொங்குவது தெரிந்தது. மூவரில் மூத்தவர் கடைசியாகக் கேட்டார்:

“நீங்க ஏம்மா இந்த வேலைக்கு வர்றீங்க? சூடு, சாம்பல், ராத்திரி ஷிப்ட். பெண்கள் யாரும் வர்றதில்லையே.”

“புதுசா வரல சார், ஏழு வருஷமா அங்கதான் இருக்கேன்” என்றாள் அம்சம். “உமி வாடை மாறுனா ஈரம்னு தெரியும். பம்ப் சத்தத்துல காத்து கலந்திருக்கறது தெரியும். இவ்ளோ தெரிஞ்சும் ஹெல்ப்பர்னு இருந்தா, நான் நிறுத்துன்னு சொன்னா யாரும் நிறுத்த மாட்டாங்க. அட்டெண்டன்ட் சொன்னா மொதலாளியே ஆனாலும் நிறுத்தணும். அதுக்குத்தான் சார்.”

மூத்தவர் மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார். வேறு கேள்வி கேட்கவில்லை.

சான்றிதழ் ஆடி மாதம் வந்தது. அவள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, புகைப்படம், அடியில் முத்திரை. காத்தான் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு பாபநாசம் போய் லேமினேஷன் போட்டு வந்தான். ஒரிஜினலுக்கு அப்படிப் போடக்கூடாது என்று ஆயிஷா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே அதை ஸ்கேன் செய்து அம்சத்தின் போனிலும் ஏற்றிக் கொடுத்தாள்.

காலை ஷிப்ட் அம்சத்துக்கு, மாலை ஷிப்ட் பஞ்சநதத்துக்கு என்று ஆனது. சம்பளம் கூடியது; அதில் அவளுக்கு மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை. திருவிடைமருதூர்ப் பக்கம் ஓர் ஆலையிலிருந்து கூடுதலாகத் தருவதாகச் சொல்லி அழைத்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து, “அந்த பாய்லர் பக்கத்த யாரும் பெருக்கறதுகூட இல்ல” என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டாள். ஐப்பசியில் ஒரு நாள், ஈர உமியைக் கலந்து எரிக்கச் சொன்னார் ஹமீது. நீராவியின் அழுத்தம் நிற்காது என்றாள் அம்சம். லாரிகள் நிற்கின்றன என்றார் ஹமீது. அம்சம் பாய்லர் பதிவேட்டை எடுத்து, நேரத்தை எழுதி, ஈர உமி, ஏற்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் திருப்பிவைத்தாள். ஹமீது படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, காய்ந்த உமிக்கு போன் போட்டார்.

சித்திரையில் பாய்லரை அணைத்துச் சுத்தம் செய்யும் வாரம் வந்தது. மூன்று நாள் ஆறவிட்டு, தண்ணீரை வடித்து, மேலே ஆள் நுழையும் மூடியைத் திறந்து காற்றாடப் போட்டிருந்தார்கள். பஞ்சநதத்துக்கு முழங்கால் மடங்காது. அம்சம் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கைவிளக்கோடு ஏணியில் ஏறிக் காலை முதலில் விட்டு உள்ளே இறங்கினாள். இத்தனை வருஷத்தில் உள்ளே போவது அதுதான் முதல் தடவை. குனிந்துதான் உட்கார முடிந்தது. காலுக்கடியில் குழாய்கள் வரிசையாக ஓடின. சுவரெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவு.

“எப்பிடிம்மா இருக்கு?” என்று மேலேயிருந்து கேட்டார் பஞ்சநதம்.

“குளுகுளுன்னு இருக்குண்ணே” என்றாள் அம்சம். அவள் குரல் இரும்பில் பட்டுப் பெரிதாகத் திரும்பி வந்தது. “வலப்பக்கம் படிவு கொஞ்சம் தடிப்பு. சொரண்டிய எறக்குங்க, பாத்துர்றேன்.”

கயிற்றில் கட்டிய சுரண்டி இறங்கி வந்தது. அம்சம் விளக்கை ஒரு குழாயின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, வலப்பக்கத்து மூலையிலிருந்து தொடங்கினாள்.